திருப்தியும் நோக்கமும்

எதிர்பாராமல் ஒருவருக்கு அரைமணி நேர ஓய்வு கிடைக்கிறது. அவசர வேலை எதுவும் இல்லை. அந்த நேரத்தை அவர் மூன்று பேரில் ஒருவருடன் கழிக்கலாம். குடும்பத்தில் தமக்கு மிக நெருங்கியவர் ஒருவர். அண்மையில் அறிமுகமாகி, பழகினால் நல்ல சிநேகிதராகக் கூடும் என்று தோன்றுகிறவர் மற்றொருவர். தாம் அப்போதுதான் படித்து முடித்த புத்தகத்தின் ஆசிரியர் மூன்றாமவர். இவர்களுள் யாரை அவர் தேர்ந்துகொள்வார்? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனோதத்துவப் பேராசிரியரான லாரா கார்ஸ்டென்சன் என்னும் அம்மையார், தம் சகாக்களுடன் சேர்ந்து, பல பிராயத்தினரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தார். இளைஞர்களின் விருப்பம் மூவரிடையேயும் பரவிக் கிடந்தது. முதியவர்களோ பெரும்பாலும் நெருங்கிய உறவினரையே நாடினார்கள்.

ஆராய்ச்சி இவ்வளவோடு நின்றிருந்தால், மூப்பு வர வர மனம் கூம்பிவிடுகிறது, புதிய மனிதரிடத்தும் புதிய அறிவினிடத்தும் உள்ள ஆசை வற்றிவிடுகிறது என்ற பழைய அபிப்பிராயத்துக்கு இன்னொரு சான்றாக அது போயிருக்கும். 1961ஆம் ஆண்டில் எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்ற இருவர் வெளியிட்ட நூல், முதியவர் சமூகத்திடமிருந்தும் சமூகம் முதியவரிடமிருந்தும் சிறிது சிறிதாக விலகிக்கொள்வது இயற்கையானது, இரு தரப்பாருக்கும் நன்மையானது என்றே சித்தாந்தம் செய்திருந்தது. ஆனால் கார்ஸ்டென்சன் குழுவினர் கேள்வியைச் சற்றே மாற்றினார்கள். வெகு தூரத்திலுள்ள ஓர் ஊருக்குச் சீக்கிரமே தனியாகக் குடியேறப் போவதாக நினைத்துக்கொண்டு விடை சொல்லும்படி இளைஞர்களைக் கேட்டபோது, அவர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கிய உறவினர் பக்கம் திரும்பினார்கள். புதிதாகக் கண்டுபிடித்த ஒரு வைத்திய முறையினால் எதிர்பார்த்ததைவிட 20 ஆண்டுகள் அதிகமாக, நல்ல ஆரோக்கியத்துடன் வாழப் போவதாக நினைத்துக்கொள்ளும்படி முதியவர்களிடம் சொன்னபோது, அவர்களுடைய விருப்பமும் இளைஞர்களுடையதைப் போலவே நாலா பக்கமும் பரவியது. பிறந்த நாளிலிருந்து கழிந்துபோன காலத்தை மனம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை; இனி எஞ்சியிருப்பதாகத் தான் உணர்கிற காலத்தை அளந்துகொண்டே அது தன் தேர்வுகளைச் செய்கிறது.

சரித்திரமே இந்தக் கொள்கையை ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தது. 1997ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஹாங்காங் நகரம் பிரிட்டிஷாரின் ஆட்சியிலிருந்து சீனாவின் கைக்கு மாறவிருந்தது; தங்களுக்குப் பழக்கமான ஒரு யுகம் முடியப் போகிறது என்ற உணர்ச்சி அந்நகரத்து மக்களிடையே பரவியிருந்தது. ஹெலன் ஃபங் என்ற ஆராய்ச்சியாளரும் கார்ஸ்டென்சனும் அங்கே அதே கேள்வியைக் கேட்டபோது, கைமாற்றம் நெருங்கிய சமயத்தில் அந்நகரத்து இளைஞர்களும் முதியவர்களைப் போலவே விடை சொன்னார்கள். மாற்றம் நிகழ்ந்து ஓராண்டு சென்று, வானம் இடிந்து விழவில்லை என்று தெரிந்த பிறகு கேட்டபோது, இளைஞர்கள் மறுபடியும் இளைஞர்களாகவே விடை சொன்னார்கள்.

காலம் குறுகியது என்று உணர்கிற மனம் துயரத்தில் ஆழ்ந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். அதைச் சோதிப்பதற்காகவே கார்ஸ்டென்சன், 18 வயது முதல் 94 வயது வரை உள்ள 184 பேரிடம் பேஜர் என்னும் சிறு கருவியைக் கொடுத்து, ஒரு வார காலம் நாளொன்றுக்கு ஐந்து முறை, முன்னறிவிப்பில்லாத வேளைகளில் அது ஒலிக்கும்போதெல்லாம், அந்தக் கணத்தில் தங்கள் உள்ளத்தில் இருக்கிற உணர்ச்சிகளைக் குறித்து வைக்கச் செய்தார். கோபமும் கவலையும் சலிப்பும் இளம் பிராயத்தில்தான் அதிகமாக வந்து போயின. ஏறக்குறைய 60 வயது வரை அவை படிப்படியாகக் குறைந்தன. சந்தோஷமோ எந்த வயதிலும் அதே அளவில் வந்துகொண்டிருந்தது. இவற்றைக் காட்டிலும் என் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. இன்பமும் துக்கமும் ஒரே கணத்தில் கலந்து நிற்கிற உணர்ச்சி, அதாவது பேரக்குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போது அது வளர்ந்து நிற்பதைக் காணத் தாம் இருப்போமோ என்ற எண்ணமும் கூடவே எழுகிறதே, அந்த மாதிரியான உணர்ச்சி, முதியவர்களிடத்தில்தான் மிகுதியாகக் காணப்பட்டது. அதே மனிதர்களை ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் மறுபடியும் சோதித்து, 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளும் இவற்றை உறுதிப்படுத்தின. காலம் சுருங்குவதை உணர்ந்த மனம், பயன் தராத சகவாசங்களையும் வீண் வழக்குகளையும் தானாகவே உதறிவிட்டு, தனக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. திருப்தி என்பது அந்த உதறலிலிருந்து பிறக்கிறது.

இது எல்லா நாடுகளுக்கும் பொருந்துகிற இயற்கை விதி என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சான்றுகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. நடு வயதில் தாழ்ந்து முதுமையில் உயர்கிற வளைகோடாக மனித சந்தோஷத்தை டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் வரைந்து காட்டியதும், சிம்பன்சி, ஒராங்குட்டான் ஆகிய குரங்கினங்களிடத்தும் அவற்றைப் பராமரிப்பவர்களின் மதிப்பீட்டின்படி அதே வளைவு தென்படுவதாக 2012ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி சொன்னதும் உண்மை. எனினும், 2015ஆம் ஆண்டில் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் ஆண்ட்ரூ ஸ்டெப்டோ, ஆங்கஸ் டீட்டன், ஆர்தர் ஸ்டோன் ஆகிய மூவரும் உலகத்தின் பல பகுதிகளை ஒப்பிட்டு எழுதியபோது, அந்த வளைவு ஆங்கிலம் பேசும் செல்வ நாடுகளில் தெளிவாகத் தெரிந்தது. பழைய சோவியத் நாடுகளிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வயது ஏற ஏறத் திருப்தி குறைந்துகொண்டே போயிற்று. மனம் தன் பங்கைச் செய்கிறது. ஆனால் மருந்துக்குப் பணமில்லாத முதுமையிலும், சேமிப்பெல்லாம் கரைந்துபோன முதுமையிலும், மனத்தின் பங்கு மட்டும் போதுவதில்லை.

இனி, இந்த அத்தியாயத்தின் முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். திருப்தியையும் நோக்கத்தையும் ஒன்றாகவே எண்ணிப் பேசுவது நம் வழக்கம். நோக்கமுள்ள வாழ்க்கையே திருப்தியான வாழ்க்கை என்கிறோம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் ரிஃப் என்ற அம்மையார், நல்வாழ்வை ஒரே எண்ணால் அளப்பதை விட்டுவிட்டு, அதை ஆறு அம்சங்களாகப் பிரித்து, 1989ஆம் ஆண்டு முதல் வெவ்வேறு பிராயத்தினரிடம் அளந்து பார்த்தபோது, இந்த இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் செல்வது புலப்பட்டது. சூழ்நிலையைத் தன் வசத்தில் வைத்துக்கொள்ளும் திறமை வயதோடு வளர்ந்தது. பிறர் சொல்லுக்கு அசையாமல் தன் காலில் நிற்கும் தன்மையும் நடு வயது வரையிலாவது வளர்ந்தது. ஆனால் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்ற உணர்வும், தாம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறோம் என்ற உணர்வும் நடு வயதைத் தாண்டிய பிறகு தெளிவாகச் சரிந்தன. திருப்தியை வயதே ஓரளவுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. நோக்கத்தையோ வயது நம்மிடமிருந்து மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு போகிறது.

எடுத்துக்கொண்டு போவது வயதுதானா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். 1889ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க் முதியோர் பென்ஷன் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, பென்ஷன் பெறுவதற்கு 70 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று விதித்தார். அப்போது அவருக்கே 74 வயது. அவர் ராஜ்யத்தை ஆண்டுகொண்டிருந்தார். 1916ஆம் ஆண்டில் அந்த எல்லை 65ஆகக் குறைக்கப்பட்டது. அந்நாளில் அவ்வயதை எட்டியவர்களே சொற்பம்; எட்டியவர்களும் உழைத்து ஓய்ந்த சரீரத்தோடு சில ஆண்டுகளே இருந்தார்கள். இந்தியாவில் சுதந்திரம் வந்த சமயத்தில் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 ஆண்டுகள். இன்று அது ஏறக்குறைய 70. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஓய்வு பெறும் வயதோ 55 என்றிருந்து, 1962ஆம் ஆண்டில் 58ஆகவும், 1998ஆம் ஆண்டில் 60ஆகவும் உயர்ந்தது, அவ்வளவுதான். ஆயுள் ஓடுகிற வேகத்துக்கு ஸ்தாபனங்கள் ஓடவில்லை. மெடில்டா வைட் ரைலி என்ற சமூகவியல் அறிஞர், மனிதர்கள் மாறிவிட்ட பிறகும் சமூகத்தின் அமைப்புகள் மாறாமல் பின்தங்கிக் கிடப்பதே முதுமையின் பெரிய சங்கடம் என்று பலகாலம் எடுத்துச் சொன்னார். ஒரு மனிதர் 60 வயதில் அலுவலகத்தைவிட்டு வெளியே வருகிறார். இன்னும் 20 ஆண்டுகள் அவர் இருக்கக்கூடும். அந்த 20 ஆண்டுகளில் அவர் வராவிட்டால் நின்றுபோகும் காரியம் என்று உலகத்தில் ஒன்றுகூட அவருக்கென்று ஏற்படுத்தப்படவில்லை. ரிஃப் கண்ட சரிவுக்கு இது பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

முதியவர்களுக்கென்று காரியம் ஒன்றும் இல்லை என்று இயற்கை கருதவில்லை என்பதற்குச் சான்று ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்திருக்கிறது. பெரும்பாலான பிராணிகளிடத்தில் சந்ததியைப் பெறும் சக்தியும் உயிரும் ஏறக்குறைய ஒன்றாகவே முடிகின்றன. மனித இனத்திலோ, பெண்கள் பிள்ளை பெறும் பருவம் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் திடகாத்திரமாக வாழ்கிறார்கள். சந்ததி பெருகுவதற்கு உதவாத குணம் எதையும் பரிணாமம் பேணிக் காப்பதில்லை என்றால், இந்த நீண்ட பிற்பகுதி எதற்காக வந்தது? 1980களில் டான்ஸானியா நாட்டில் எயாஸி ஏரிக்கரையில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்கிற ஹட்ஸா மக்களிடையே தங்கி ஆராய்ந்த கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும், கெட்டியான தரையில் ஆழத்தில் புதைந்து கிடக்கும் கிழங்குகளைத் தோண்டுவதில் அதிக நேரம் உழைப்பவர்கள் பாட்டிமார்களே என்பதைக் கண்டார்கள். அந்தக் கிழங்கைச் சிறு குழந்தைகளால் தோண்டியெடுக்க முடியாது. தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்து, அவள் உணவு தேடும் நேரம் குறைந்தபோது, பால் மறந்த மூத்த குழந்தையின் எடை ஏறுவதும் இறங்குவதும் பாட்டி எவ்வளவு தோண்டினாள் என்பதைப் பொறுத்தே இருந்தது. இதிலிருந்து ஹாக்ஸ் எழுப்பிய கொள்கை, பேரக்குழந்தைகளைப் பிழைக்க வைத்த பாட்டிமார்களின் நீண்ட ஆயுளே தலைமுறை தலைமுறையாக நம் அனைவரிடத்தும் இறங்கி வந்திருக்கிறது என்பது. பின்லாந்திலும் கனடாவிலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளின் கிராமப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 2004ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கணக்கும் கொடுத்தார்கள்: 50 வயதுக்கு மேல் ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் அவளுடைய பேரக்குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு கூடியது.

மனிதரைத் தவிர இத்தகைய பிற்பகுதியை உடைய பிராணிகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றான ஓர்க்கா திமிங்கிலங்களில், பெண்கள் ஏறக்குறைய 40 வயதோடு குட்டி ஈனுவதை நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் வாழ்கின்றன. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில், சால்மன் மீன் அரிதாகிவிட்ட ஆண்டுகளில் கூட்டத்தின் முன்னே சென்று வழி காட்டுபவை அந்த முதிய பெண்களே என்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. எங்கே, எப்போது மீன் கிடைக்கும் என்ற பழைய ஞாபகம் பஞ்ச காலத்தில் கூட்டத்தின் உயிரைக் காக்கிறது. பரிணாமம் நமக்குப் பிற்பாதி ஒன்றைத் தந்ததே பிறர் பொருட்டுத்தான் என்று துணிந்து சொல்வதற்கு இந்த ஆராய்ச்சிகள் இடந்தருகின்றன. இக்கொள்கையை ஏற்காத விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள் என்பதையும் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

நோக்கம் என்பது மனத்தோடு நிற்கிற சமாசாரமா, சரீரத்தையும் தொடுகிறதா? இதற்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளில் மிகவும் சிந்திக்கத்தக்கது சிக்காகோ நகரத்திலிருந்து வந்தது. ரஷ் பல்கலைக்கழகத்து வைத்திய நிலையத்தில் டேவிட் பென்னட் என்ற டாக்டர் 1997ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சியில், முதியோர் குடியிருப்புகளிலும் தனி வீடுகளிலும் வசிக்கிற ஆண்களும் பெண்களும் தாமாகவே சேர்ந்து, ஆண்டுதோறும் ஞாபக சக்தியையும் சரீர நிலையையும் சோதித்துக்கொள்ள இசைந்ததோடு, இறந்த பிறகு தங்கள் மூளையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய தானத்தை மனமுவந்து செய்த அந்தச் சாதாரண மனிதர்களை நினைக்கும்போது, பிற்காலத்து நோக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சியே அத்தகைய நோக்கம் ஒன்றினால்தான் சாத்தியமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நிலையத்தைச் சேர்ந்த பட்ரீஷியா பாயில் என்ற ஆராய்ச்சியாளர், ரிஃப் வகுத்த அளவுகோலிலிருந்து பத்துக் கேள்விகளைத் தேர்ந்து அவர்களிடம் கேட்டார். எதிர்காலத்துக்குத் திட்டமிடுவதில் விருப்பம் உண்டா, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டதாகத் தோன்றுகிறதா என்பன போன்ற எளிய கேள்விகள்தான் அவை.

2009ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்கட்டுரை 1,238 பேரைப் பற்றியது. நோக்கம் மிகுந்தவர்களுக்கு அந்தச் சில ஆண்டுகளுக்குள் மரணம் நேரும் அபாயம் நோக்கம் குன்றியவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான் என்று அது காட்டியது. அடுத்த ஆண்டில் வெளிவந்தது, மறதி நோய் இல்லாதிருந்த 951 பேரை ஏழு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்ததன் முடிவு. அவர்களுள் நோக்கம் மிகுந்தவர்கள் அல்ஸைமர் நோய்க்கு ஆளாகாமல் இருப்பதற்கு மற்றவர்களைவிட 2.4 மடங்கு வாய்ப்புப் பெற்றிருந்தார்கள். ஆனால் வியப்பு முழுவதும் 2012ஆம் ஆண்டுக் கட்டுரையில்தான் இருக்கிறது. இறந்துபோன 246 பேரின் மூளைகளைத் திறந்து பார்த்தபோது, அல்ஸைமர் நோயின் அடையாளங்களான அமிலாய்டுப் படிவுகளும் டாவ் புரத முடிச்சுகளும் நோக்கம் மிகுந்தவர்களின் மூளைகளிலும் இருந்தன. நோக்கம் அவற்றை விலக்கிவிடவில்லை. ஆயினும், அதே அளவு சிதைவு இருந்தும், நோக்கம் மிகுந்திருந்தவர்கள் உயிரோடு இருந்தபோது நினைவும் தெளிவும் மற்றவர்களைப் போல் அவ்வளவாகக் குறையாமல் வாழ்ந்திருந்தார்கள். நோய் வந்தும் அதன் பலன் முழுவதும் வந்து சேரவில்லை.

இது எப்படி நிகழ்கிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. நோக்கமுள்ளவர்கள் அதிகமாக நடமாடுகிறார்கள், டாக்டரிடம் காலத்தில் போகிறார்கள், மனிதர்களோடு கலந்து பழகுகிறார்கள். மூளை அதனால் ஒருவகைச் சேமிப்பைப் பெற்று, ஒரு வழி அடைபட்டால் மறுவழியில் வேலை செய்யக் கற்றுக்கொள்ளலாம். இதை நேர்மாறாகவும் விளக்கலாம்: வெளியே தெரியாமல் மூளையில் தொடங்கிவிட்ட நோயே முதலில் நோக்கத்தைக் கெடுத்திருக்கலாம். மனச்சோர்வு, நாட்பட்ட வியாதி முதலியவற்றையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு நிற்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தொடர்பு நிற்பதும், இது காரணம், அது காரியம் என்று நிரூபிப்பதும் வேறு வேறு.

மனிதரின் ஆயுள் முழுவதையும் எட்டுப் படிகளாக வகுத்து, அவற்றுள் ஏழாவதில் இந்த நோக்கத்தை வைத்தவர் எரிக் எரிக்ஸன். ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் நகரத்தில் 1902ஆம் ஆண்டு பிறந்து, 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறிய இவர், 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நடு வயதை அடைந்த மனிதர் அடுத்த தலைமுறையை உருவாக்கிக் காப்பதில் சிரத்தை கொள்ள வேண்டும், அல்லது தேங்கிப் போக வேண்டும் என்றார். தாம் பெற்ற பிள்ளைகளை வளர்ப்பது மட்டும் அதில் அடங்கியதாக அவர் கருதவில்லை. தொழிலைக் கற்றுக் கொடுப்பது, ஸ்தாபனத்தை நிலைநிறுத்துவது, தமக்குப் பின்னும் நிற்கக்கூடிய ஒன்றைப் பராமரிப்பது யாவும் அதில் சேர்ந்தவை.

இந்தக் கருத்துக்கு ஒரு முழு மனிதரின் வாழ்க்கையை உதாரணமாகத் தேடியபோது, அவர் வந்து சேர்ந்த இடம் ஆமதாபாத். 1962ஆம் ஆண்டில், மனித வாழ்வின் பருவங்களைப் பற்றிய ஒரு கருத்தரங்கை நடத்த அந்நகரத்துக்கு அவர் அழைக்கப்பட்டபோது, 1918ஆம் ஆண்டில் அங்கு நடந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்தவர்கள் சிலர் இன்னும் இருந்தார்கள். பிளேக் நோய்க் காலத்தில் தொழிலாளர் ஊரைவிட்டுப் போய்விடாதபடி கொடுத்துவந்த போனஸை ஆலை முதலாளிகள் நிறுத்தியதிலிருந்து எழுந்த வழக்கு அது. முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா பென். இருவருக்கும் சிநேகிதர், சபர்மதிக் கரையில் ஆசிரமம் அமைத்துச் சில காலமே ஆகியிருந்த காந்தி. தொழிலாளர் 50 சதவிகித உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் 20 என்றார்கள். 35 என்பதே நியாயம் என்று காந்தி தீர்மானித்து, நாள்தோறும் ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரத்தடியில் கூட்டம் போட்டு, வார வாரமாகப் பசியோடு இருந்தவர்களின் உறுதி தளர்ந்தபோது, தாமே உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்றாம் நாள் சமரசம் ஏற்பட்டது. பின்னர் மத்தியஸ்தர் அளித்த தீர்ப்பும் 35 என்றே வந்தது. 1920ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய மஜூர் மகாஜன் என்ற தொழிலாளர் சங்கம் இதன் வழி வந்தது.

அப்போது காந்திக்கு 48 வயது. பிற்காலத்தில் உலகமறிந்த உப்பு சத்தியாக்கிரகத்தை விட்டுவிட்டு, சுயசரிதையிலும் சில பக்கங்களில் முடிந்துவிடுகிற இந்தச் சிறிய வேலைநிறுத்தத்தை எரிக்ஸன் தேர்ந்ததற்குக் காரணம், ஒரு நடு வயது மனிதர், தாம் இதுவரை கற்றதையெல்லாம் எடுத்துத் தம் கண்முன்னே நிற்கிற குறிப்பிட்ட மனிதர்களின் பொறுப்பாக மாற்றிக்கொள்கிற அந்தக் கட்டம் அதில் தெளிவாகத் தெரிந்ததுதான். இதைப் பற்றி அவர் எழுதி, 1969ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் புலிட்சர் பரிசு பெற்றது. அதன் நடுவே, காந்தியை நேரில் விளித்து எழுதிய கடிதம்போல் ஒரு பகுதி வருகிறது. ஊருக்கெல்லாம் தந்தையானவர் தம் வீட்டாரிடத்திலும் தம்மை அண்டி நின்ற இளையவர்களிடத்திலும் காட்டிய கடுமையை எரிக்ஸன் அதில் மனம் வருந்திக் கேள்வி கேட்கிறார். தாம் மிகவும் போற்றிய ஒருவரிடமும் இதைக் கேட்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை; பொதுநலத்தில் ஈடுபடுகிற பிற்கால வாழ்க்கைகளைப் புகழும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்பதே நேர்மை என்று நான் நினைக்கிறேன். பேரப்பிள்ளையின் முகத்தைக் கண்டதும் வனத்துக்குப் போகலாம் என்று நம் தரும சாஸ்திரங்கள் வானப்பிரஸ்தத்தை விதித்தன. ஹட்ஸா இனத்துப் பாட்டியோ அந்த முகத்தைக் கண்டதும் தோண்டுகோலை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்க் கிழங்கோடு திரும்பி வருகிறாள். எரிக்ஸன் காட்டிய வழி இந்தப் பாட்டியின் வழிக்கே நெருங்கியது.

எரிக்ஸனின் கருத்து பல ஆண்டுகள் வெறும் கருத்தாகவே இருந்தது. அதை அளந்து பார்க்க வாய்ப்பு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கி இன்றும் நடந்துவருகிற ஆராய்ச்சியினால் கிடைத்தது. அங்கே படித்த 268 மாணவர்களையும், பாஸ்டன் நகரத்து ஏழை வீதிகளில் வளர்ந்த 456 சிறுவர்களையும் அவர்களுடைய ஆயுள் முழுவதும் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 1970கள் முதல் அதை நடத்திய ஜார்ஜ் வெய்லண்ட், ஐம்பது, அறுபது வயதுகளில் இளையவர்களை வளர்ப்பதில் சிரத்தை கொண்டிருந்த ஹார்வர்டுக்காரர்களுக்கு எழுபது வயதுகள் சந்தோஷமான காலமாக அமைவதற்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு வாய்ப்பு இருந்ததாக எழுதினார். ஆண்களையே, அதிலும் வெள்ளையரையே பற்றிய ஆராய்ச்சி அது. பெண்கள் வெகுகாலம் கழித்தே அதில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆனால், தானே எழுந்து போய் நோக்கத்தைத் தேடிக்கொள்ள இயலாத நிலையில் இருப்பவர்களுக்கு அதைப் பிறர் கொடுக்க முடியுமா? கனெக்டிகட் ராஜ்யத்து முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ராடின் என்ற இருவர் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை பெயர் பெற்றது. ஒரு மாடியில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, அதைக் காப்பது அவர்களுடைய பொறுப்பு என்றும், தங்கள் அறையையும் பொழுதையும் தாங்களே ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்கள். மற்றொரு மாடியில் அதே செடியைக் கொடுத்து, தாதிமார்கள் நீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். ஒன்றரை ஆண்டு சென்று பார்த்தபோது, முதல் மாடியில் இறந்தவர்கள் 15 சதவிகிதம், இரண்டாவதில் 30 சதவிகிதம். எண்ணிக்கை சிறிது, கணக்கில் நேர்ந்த ஒரு பிழையை ஆசிரியர்களே பின்னர் திருத்தியதால் அந்த வேறுபாட்டின் பலம் குறைந்தும் போயிற்று, ஆகவே அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்புவதை நான் விரும்பவில்லை.

என்னை அதைவிட அதிகமாகக் கலக்கியது, அதே ஆண்டில் ரிச்சர்டு ஷுல்ட்ஸ் என்பவர் செய்தது. முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைப் பார்க்கக் கல்லூரி மாணவர்களை அவர் அனுப்பினார். சிலருக்கு, மாணவர் எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை இருந்தது. சிலருக்கு அது முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. மற்றவர்களிடம் மாணவர்கள் தங்களுக்குத் தோன்றியபோது வந்தார்கள். முதல் இரு வகையினரும் உற்சாகமும் ஆரோக்கியமும் பெற்றார்கள். ஆராய்ச்சி முடிந்தது, வருகைகள் நின்றன. பின்னர் விசாரித்தபோது, அதிகமாக நன்மை பெற்றவர்களே அதிகமாகச் சரிந்திருந்தார்கள். தம் வசத்தில் இருந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்வது, கொடுக்காமலே இருப்பதைக் காட்டிலும் பெரிய தீங்காக முடியலாம். ஆண்டுக்கொரு முறை முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பழம் கொடுத்துவிட்டு வருகிற தர்ம சிந்தையுள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நிலைத்து நிற்கிற ஏற்பாடு ஒன்றை அமைத்துப் பார்த்தவர் லிண்டா ஃப்ரீடு என்ற முதியோர் வைத்திய நிபுணர். தம்மிடம் வருகிற முதியவர்கள் பலருக்கு நோயைவிட, காலையில் எழுந்திருப்பதற்கு ஒரு காரணம் இல்லாததே பெரிய குறை என்று அவர் கண்டார். ஏதாவது பயனுள்ள வேலையைத் தேடிக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு யோசனை சொன்னார். அவர்கள் தேடிப் பார்த்து, தங்களுக்கென்று எந்த வேலையும் வெளியே இல்லை என்று திரும்பி வந்தார்கள். அவரும் மார்க் ஃப்ரீட்மன் என்பவரும் சேர்ந்து வகுத்த திட்டத்தின்படி, பால்டிமோர் நகரத்தில் 60 வயது தாண்டியவர்கள், பெரும்பாலும் சொற்ப வருமானமுள்ள கறுப்பினப் பெண்கள், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளிகளில் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தார்கள். சிறு குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். மூடிக் கிடந்த பள்ளி நூலகங்களைத் திறந்து நடத்தினார்கள். பிள்ளைகளின் சண்டைகளைத் தீர்த்து வைத்தார்கள். ஒரு பள்ளியில் ஒருவர் இருவராக விடாமல், ஒருவரையொருவர் அறிந்து, ஒருவர் வராவிட்டால் மற்றவர் விசாரிக்கும்படியாகப் பலரை ஒன்றாக அமர்த்தினார்கள். போக்குவரவுச் செலவுக்கு ஒரு சிறு தொகையும் கொடுத்தார்கள். பள்ளிக்கு உண்மையிலேயே தேவையான வேலையாக இருக்க வேண்டும், பொழுதுபோக்காக ஏற்படுத்தியதாக இருக்கக் கூடாது என்பதில் ஃப்ரீடு பிடிவாதமாக இருந்தார்.

2006ஆம் ஆண்டு முதல் 702 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் பள்ளிக்கு அனுப்பியும் மற்றவரை அனுப்பாமலும் ஒப்பிட்டார்கள். இந்த ஏற்பாட்டினால், நோக்கம் முந்தியதா ஆரோக்கியம் முந்தியதா என்ற சிக்காகோ ஆராய்ச்சியின் சந்தேகத்துக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. அவர்களுள் சிலரின் மூளைகளை இரண்டு ஆண்டுகள் படம் எடுத்துப் பார்த்தபோது, பள்ளிக்குச் சென்ற ஆண்களிடத்தில், வயதோடு சுருங்க வேண்டியதான ஞாபகப் பகுதியாகிய ஹிப்போகாம்பஸ் சுருங்காமல், சற்றே பெருத்திருந்தது. பெண்களிடத்தில் அந்த மாற்றம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் என்ன என்பது ஆராய்ந்து அறியத்தக்கது. உத்தியோகம் முடிந்த பிறகு ஆண்களுக்கு இல்லாமல் போகிற பொறுப்புகளைப் பெண்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் முன்பே சுமந்துகொண்டிருந்தார்களோ என்று நான் ஊகிக்கிறேன்.